ஐந்தாவது சுற்று

எங்கள் வீட்டில் ஓட்டம் என்பது முதலில் ஒரு வீட்டு வேலையாகத்தான் இருந்தது. அப்பா சரக்கு ரயிலில் கார்டு. சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். சரக்கு வண்டிக்கு நேரம் காலம் கிடையாது. எட்டு மணிக்குக் கிளம்பும் என்று சொல்லிவிட்டு அப்பா போவார். ஏழரைக்கே சிக்னல் விழுந்துவிடும். ஏழரை என்று சொல்லிவிட்டுப் போகும் நாளில் பதினொரு மணிவரை வண்டி யார்டிலேயே கிடக்கும். அம்மா சோற்றைத் தூக்குப்போசியில் போட்டு மூடி என் கையில் கொடுத்து, "ஓடு" என்பாள். குழம்பு சிந்தக்கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. வண்டி கிளம்புவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பது ரயில்வேயின் நிபந்தனை. இரண்டையும் சமாளித்துச் சமாளித்து எனக்கு ஓட்டம் நன்றாகப் படிந்துவிட்டது. கடைசிப் பெட்டியின் வாசலில் பச்சைக் கொடியோடு நிற்கும் அப்பா, நான் வேலியோரம் தெரிந்ததும் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டுவார். வண்டி நகரத் தொடங்கிய பிறகும் இரண்டு மூன்று முறை நான் போசியைக் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு அது தெரியாது.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஒரு டிரில் டீச்சர் வந்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. பள்ளி அஸ்தம்பட்டிப் பக்கம் இருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளி. வகுப்பறை ஜன்னலிலிருந்து ஏற்காடு மலை தெரியும். தலைமை ஆசிரியையை நாங்கள் மதர் என்று கூப்பிடுவோம். அவர் நடந்து வரும்போது இடுப்பில் தொங்கும் ஜெபமாலை சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் வராந்தாவே அடங்கிவிடும். அதுவரை எங்கள் விளையாட்டு விழாவில் பெண்களுக்கு இருந்தது நூறு மீட்டர் ஓட்டம், சாக்கு ஓட்டம், எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்துக்கொண்டு நடப்பது, ஊசியில் நூல் கோத்துக்கொண்டு ஓடிவருவது. கடைசிப் போட்டியில் ஓட்டத்தைவிட ஊசிக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

புது டீச்சர் வந்த இரண்டாம் மாதமே, எண்ணூறு மீட்டர் ஓட்டம் வைக்கப்போவதாகச் சொன்னார். எங்கள் மைதானம் சிறியது. ஒரு சுற்று இருநூறு மீட்டர்தான் வரும். ஆக நாலு சுற்று. நாலு சுற்று என்றதும் வகுப்பு முழுக்க ஓவென்று சத்தம். பெண்கள் அவ்வளவு தூரம் ஓடினால் மயக்கம் வரும், வயிற்று நரம்பு பிசகிவிடும் என்று கணக்கு டீச்சர் சொன்னதாகப் பேச்சு. மதருக்கும் இதில் விருப்பமில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் எப்படியோ அனுமதி வந்தது. ஆறு பேர் பெயர் கொடுத்தோம். தினமும் மாலை மணி அடித்த பிறகு அரை மணி நேரம் பழகலாம் என்றார் டீச்சர்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி பாவாயி.

பாவாயி ஆஸ்டலில் தங்கிப் படித்தாள். நாமக்கல்லுக்கு மேற்கே ஏதோ ஓர் ஊர். தோட்டம் துரவு உள்ள குடும்பம். ஊரிலிருந்த பள்ளி எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டதால் அவளுடைய அப்பா இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார். உயரமாக, கறுப்பாக, நீளமான கைகளோடு இருப்பாள். யாரைப் பார்த்தாலும் 'சாமி'தான் அவளுக்கு. என்னையும் சாமி என்பாள், ஆஸ்டல் பூனையையும் சாமி என்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும் பாதிரியாரை நாங்கள் சாமி என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஒருத்தர்தானா சாமி? எங்கூர்ல எல்லாருந்தான்" என்று ஒரு தடவை ஆச்சரியப்பட்டாள்.

அவள் ஓடுவது எனக்குப் பிடிபடவே இல்லை. விசில் ஊதியதும் நான் பாய்ந்துவிடுவேன். எனக்குத் தெரிந்த ஓட்டம் கிளம்பப்போகும் ரயிலைப் பிடிக்கிற ஓட்டம். பாவாயி கடைசியில் வருவாள். முதல் சுற்றில் கடைசி. இரண்டாம் சுற்றிலும் கடைசி. மூன்றாவதில் ஒவ்வொருத்தியாகத் தாண்டுவாள். நாலாவது சுற்றின் வளைவு முடிந்து நேர்த்தடம் தொடங்கும்போது என் வலது தோளுக்குப் பின்னால் அவள் காலடி கேட்கும். அதோடு அவள் குரலும் கேட்கும்.

"வாரேன் சாமி, வாரேன்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போய்விடுவாள். பழகிய நாட்களில் ஒருநாள் தப்பாமல் இதுதான் நடந்தது. தாண்டிப் போவதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். சொல்லிவிட்டுத் தாண்டியதில்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன், எதற்காக அப்படிக் கத்துகிறாய் என்று.

அவள் கண்ணை விரித்தாள். "சொல்லாம எப்பிடித் தாண்டறது? வரப்புல பொறத்தால வந்தா சொல்லோணுமல்ல? இல்லாட்டி முன்னால போறவங்க மெரண்டு சேத்துல உழுந்துருவாங்க."

"இது வரப்பில்லை, மைதானம்" என்றேன்.

"மைதானத்துல மட்டும் மெரள மாட்டாங்களாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பள்ளிவிட்டு டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய ஒரு லாரி எங்களுக்கு முன்னால் போனது. பஸ் டிரைவர் ஆரன் அடித்தார். லாரி நகரவில்லை. பஸ் வலது பக்கம் ஒதுங்கினால் லாரியும் வலது பக்கம் சாயும். யாரையும் இடிக்கவில்லை, வேகமாகவும் போகவில்லை. தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் சும்மா இப்படியும் அப்படியும் நகர்ந்தது. "சைடு குடுக்கறானா பாரு" என்று டிரைவர் ஏசினார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் சேர்ந்து அந்த லாரிக்காரனைத் திட்டினார்கள். நான் ஒருத்திதான் அவனை ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், லாரிக்காரன் செய்தது சரியா என்று அண்ணனிடம் கேட்டேன். அண்ணன் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு, உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான். "முன்னால போறவனுக்குத்தான் ரோடு சொந்தம். பின்னால வர்றவன் சாமர்த்தியம் இருந்தா தாண்டிக்கணும்" என்றான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. பாவாயி எந்தப் பக்கம் வருகிறாள், எப்போது வருகிறாள் என்று நான் திரும்பிப் பார்க்கக்கூட வேண்டியதில்லையே. அவளே சொல்லிவிடுவாளே.

யாரையும் கையால் தள்ளக்கூடாது, காலை இடறக்கூடாது, குறுக்கே நகரக்கூடாது என்று டிரில் டீச்சர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். குறுக்கே நகர்வது பற்றிச் சொன்னாரா என்று வெகுநாள் எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. சொன்னார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்த வாரம் மட்டும் என் காது அதை எடுத்துக்கொள்ளவில்லை.

விளையாட்டு விழா அன்று மைதானத்தைச் சுற்றி மூங்கில் முளைகள் அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் பெற்றோர்களுக்குப் பெஞ்சு. பந்தலின் கீழ் மதரும் மற்ற கன்னியாஸ்திரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா டூட்டியிலிருந்து நேராக வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டோடு வந்துவிட்டார். யாரோ பெரிய விருந்தாளி என்று நினைத்து அவரைக் கொண்டுபோய் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அம்மா கூச்சப்பட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பாவாயியின் அப்பாவும் அம்மாவும் விடியற்காலையிலேயே ஊரிலிருந்து கிளம்பி வந்திருந்தார்கள். அவள் அப்பா தோளில் துண்டோடு கயிற்றோரமாகவே நின்றார். உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டுங்க, நின்னாத்தான் தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டார்.

எண்ணூறு மீட்டர் கடைசிக்கு முந்திய போட்டி. முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை இறங்கிய வெள்ளைப் பாவாடை, வெள்ளைச் சட்டை. எனக்கு அண்ணனுடைய பழைய கான்வாஸ் ஷூ. முன்னால் துணி அடைத்திருந்தது. பாவாயி வெறுங்கால்.

விசில் ஊதியதும் வழக்கம்போல் நான் பாய்ந்தேன். முதல் சுற்றில் கைதட்டல் கேட்டது. இரண்டாம் சுற்றில் வாய் உலர்ந்தது. மூன்றாம் சுற்றில் ஷூவுக்குள் துணி நழுவிச் சுருண்டுகொண்டது. நாலாம் சுற்றின் வளைவில் என் கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் கனத்தது. இடது பக்கம் உள்கோட்டை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தேன். எதிரே, கோடு முடியும் இடத்தில், இரண்டு பெண்கள் சிவப்புக் கம்பளி நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நூலுக்குப் பின்னால் டிரில் டீச்சர் கடிகாரத்தோடு.

"வாரேன் சாமி" என்றது குரல்.

நான் வலது பக்கம் ஓர் அடி நகர்ந்தேன். காலடி கொஞ்சம் தயங்கியது. பிறகு இன்னும் வெளியே போனது. "வாரேன், வாரேன்." நானும் இன்னும் வெளியே நகர்ந்தேன், தூக்கக் கலக்கத்தில் இருப்பவளைப்போல. அவள் மூச்சு என் காதில் பட்டது. என் தோள் எதன்மீதோ இடித்தது. அவள் தோள்தான். அடுத்த கணம் மூங்கில் முளை பெயர்ந்து விழும் சத்தம், கயிறு ஆடுவது, கூட்டம் 'ஐயோ' என்பது. பின்னால் காலடி இல்லை. நான் ஓடினேன். கம்பளி நூல் என் கழுத்தில் பட்டு அறுந்தது.

திரும்பிப் பார்த்தபோது பாவாயி புழுதியில் ஒருக்களித்துக் கிடந்தாள். மற்ற நாலு பேரும் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து ஒவ்வொருத்தியாகக் கோட்டைத் தாண்டினார்கள். பந்தலில் மதர் எழுந்து நின்றுவிட்டார். யாரோ தண்ணீர்ச் செம்போடு ஓடினார்கள். அதற்குள் பாவாயி கையை ஊன்றி எழுந்தாள். முழங்காலில் ரத்தமும் மண்ணும் கலந்து வழிந்தது. பாவாடையைத் தட்டிக்கொண்டு ஓடிவந்து ஆறாவதாகக் கோட்டைத் தாண்டினாள்.

தாண்டியவள் நிற்கவில்லை. என்னைக் கடந்து, நூல் பிடித்த பெண்களைக் கடந்து, மறுபடியும் வளைவுக்குள் ஓடினாள்.

"அந்தப் பிள்ளைக்குக் கணக்கு மறந்துபோச்சு" என்று யாரோ சொன்னார்கள். பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. டிரில் டீச்சர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஊதவில்லை. கயிற்றோரம் நின்ற அவள் அப்பாவிடம் ஓர் ஆசிரியை, "நிறுத்தச் சொல்லுங்கள், போட்டி முடிந்துவிட்டது" என்றார். அவர் மகளையே பார்த்துக்கொண்டு, "ஓடட்டும் உடுங்க, ஓடறாளல்ல" என்றார்.

யாருமில்லாத தடத்தில் அவள் ஒருத்தி மட்டும் ஓடினாள். வேகம்கூடக் குறையவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. வளைவு திரும்பும்போது சின்ன வகுப்புப் பெண்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். எனக்குத் தட்டியதைவிட அதிகமாகத் தட்டினார்கள். ஜெயித்தவள் நான், கழுத்தில் அறுந்த நூலோடு நின்றுகொண்டிருக்க, ஒரு கண்ணும் என் பக்கம் இல்லை.

ஐந்தாவது சுற்றை முடித்து நேராகப் பந்தலுக்கு முன்னால் போய் நின்றாள். மார்பு ஏறி இறங்கியது.

"எனக்கு ஒண்ணும் ஆவலைங்க மதர். இன்னும் ஓடச் சொன்னாலும் ஓடுவனுங்க."

மதர் அவளையும் அவள் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தார். "போய் மருந்து போட்டுக்கொள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

டிரில் டீச்சர் எங்கள் இருவரையும் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். என் பக்கம் பார்க்காமல் பாவாயியிடம் கேட்டார். "இவள் உன் குறுக்கே வந்தாளா?"

பாவாயி குனிந்து தன் முழங்காலை ஊதினாள்.

"அந்த எடத்துல கொஞ்சம் குழியாட்டம் இருக்குதுங்க டீச்சர். காலு எறங்கிருச்சு."

அங்கே குழி எதுவும் இல்லை. நாலு மாதமாக நாங்கள் மூவரும் ஓடியும் நின்றும் பழகிய தரை அது. டீச்சர் தலையாட்டினார்.

எனக்குப் பரிசாக ஓர் எவர்சில்வர் சோப்பு டப்பா கொடுத்தார்கள். டவுன் பஸ்ஸில் அம்மா அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தன் வேலையில் பாதி நேரம் பின்னால் நின்று, முன்னால் போகும் வண்டி ஒழுங்காகப் போகிறதா என்று கவனிப்பவர் அவர். சூரமங்கலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கடைசியில லைன் மாறிட்டியேம்மா, ஏன்?"

"தெரியலைப்பா."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய்யோடு தப்பித்திருப்பேன். கேட்காததால் அது என் கூடவே வீட்டுக்கு வந்தது. அம்மா சோப்பு டப்பாவை மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். அன்றைக்கு மாலை ஜெபத்தில் மாதாவைப் பார்த்தால் சோப்பு டப்பாவும் சேர்ந்து தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டே ஜெபமாலை சொன்னேன். என் பக்தியைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டாள்.

சனிக்கிழமை, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குச்சாமியார் வயதானவர். காது கொஞ்சம் மந்தம்.

"ஒரு பிள்ளைக்குக் குறுக்கே போனேன் சாமி" என்றேன்.

"எங்கே போனாய்?"

"குறுக்கே, சாமி. அவள் தாண்டிப் போகாமல்."

"அவள் எங்கே போனாள்?"

பின்னால் வரிசையில் அண்ணன் நின்றிருந்தான். எண்ணூறு மீட்டர் ஓட்டம் முழுவதையும் நான் கிசுகிசுப்பாக அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. வளைவு, நேர்த்தடம், உள்கோடு, வெளிப்பக்கம் எல்லாம் கேட்டுக்கொண்டார். ஒரு பெருமூச்சு விட்டார். பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். நான் எழுந்திருக்கப் போனபோது, "அந்தப் பிள்ளையிடம் சொன்னாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் என்னிடம் வந்து என்ன பிரயோஜனம்? அவளிடம் போய்ச் சொல்" என்றார். இதற்கு மட்டும் அவர் குரல் அண்ணனுக்கே கேட்கிற அளவுக்கு ஓங்கியிருந்தது.

திங்கட்கிழமை மதியம், சோப்பு டப்பாவைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு ஆஸ்டலுக்குப் போனேன். பாவாயி கிணற்றடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கால் முழுக்க ஊதா மருந்து.

"நான் வேணும்னேதான் குறுக்கே வந்தேன்" என்றேன். வழியெல்லாம் தயார்செய்து வைத்திருந்த மற்ற வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"தெரியுமே. உன்ற தோளு வந்து இடிச்சுதல்ல."

"அப்புறம் ஏன் டீச்சர்கிட்ட குழின்னு சொன்னே?"

அவள் தட்டைக் கவிழ்த்துத் தண்ணீர் வடிய வைத்தாள். "சொன்னா என்ன ஆவும்? உன்ற பேரை அடிச்சுப்போடுவாங்க. அப்பறம்? அடுத்த வருசம் ஓடோணுமல்ல?"

நான் சோப்பு டப்பாவை நீட்டினேன். வாங்கித் திறந்து பார்த்தாள், மூடினாள், திருப்பிக் கொடுத்தாள். "இங்க எனக்குப் பாதி சோப்புதான் குடுக்கறாங்க. இம்மாம் பெரிய டப்பாவுல அது தனியாக் கெடந்து லொட லொடன்னு உருளும். நீயே வெச்சுக்கோ சாமி."

அங்கிருந்து டிரில் டீச்சரிடம் போய் அவரிடமும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "கோட்டில் நின்று பார்த்தவள் நான். எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு குச்சியை எடுத்துத் தரையில் ஒரு நேர்க்கோடு போட்டார். "முன்னால் ஓடுகிறவளுக்கு அவள் ஓடுகிற கோடு சொந்தம். தடம் முழுக்கச் சொந்தமில்லை. பின்னால் வருகிறவளுக்கு ஓடுவதற்கு இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு ஜெயித்துப் பார்." சோப்பு டப்பாவை வாங்கித் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். நான் வெளியே போகும்போது கூப்பிட்டு, "இதை வேறு யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக மதரிடம்" என்றார்.

உண்மையைச் சொல்லாதே என்று ஓர் ஆசிரியை சொன்னது எனக்கு மிகவும் விசித்திரமாக இருந்தது. பெரியவர்கள் விஷயமே இப்படித்தான் என்று விட்டுவிட்டேன். என் மனம் முழுக்கப் பாவாயி சொன்னதில் இருந்தது. அடுத்த வருசம் ஓடோணுமல்ல? அதை ஒரு சவாலாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் வா, பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் பெயரை அடிக்க விடவில்லை. தன் கையாலேயே என்னைத் தோற்கடிக்க வேண்டும் அவளுக்கு. அந்த வருஷம் முழுவதும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் நான் அவளோடுதான் ஓடினேன். முதலில் பொறுத்து ஓடவும், கடைசிக்கு மூச்சை மிச்சம் வைக்கவும் கற்றுக்கொண்டேன். இரண்டு முறை அப்பாவின் வண்டியையே தவறவிட்டேன்.

அடுத்த வருஷமும் எண்ணூறு மீட்டர் இருந்தது. இந்தத் தடவை பதினான்கு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பழகும்போது மைதானத்தில் இடம் போதவில்லை. கணக்கு டீச்சரே வந்து சுற்று எண்ணினார். விழா நாளில் நாலாம் சுற்றின் வளைவு முடிந்தபோது நான்தான் முன்னால் இருந்தேன். பின்னால் அந்தக் காலடி வந்தது. "வாரேன் சாமி." என் இடது கால் சுண்ணாம்புக் கோட்டை உரசுகிற அளவுக்கு ஒட்டி ஓடினேன். வலது பக்கம் மாட்டுவண்டியே போகலாம், அவ்வளவு இடம். பாவாயி பக்கத்தில் வந்தாள். தோளோடு தோள் ஓடினோம், உரசவில்லை. அவள் பல்லைக் கடித்தாள், நான் பல்லைக் கடித்தேன். பாதி தூரம் வரை யார் முந்துகிறோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. அப்போது எங்கள் இருவருக்கும் வெளியே, ஏழாம் வகுப்பில் படித்த ஒரு சுண்டைக்காய்ப் பெண், இரட்டைச் சடை பறக்க, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போய் நூலை அறுத்தாள்.

பாவாயி இரண்டாவது. நான் மூன்றாவது. கோட்டைத் தாண்டிப் புழுதியில் உட்கார்ந்ததும் பாவாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாத்தியா சாமி, அந்தக் குட்டி ஒரு வார்த்தை சொல்லாமயே போயிட்டா!" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவள் ஏன் அத்தனை சந்தோஷமாக இருந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. சவால் விட்டவள், தோற்றுவிட்டு இப்படிச் சிரிப்பாளா? அந்தக் கோடை விடுமுறைக்குப் போனவள் பள்ளிக்குத் திரும்பி வரவில்லை. குமாரபாளையத்தில் இருந்த அவள் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று சொன்னார்கள்.

பல வருஷங்கள் கழித்து, எனக்குக் கல்யாணமாகிக் குழந்தைகளும் பிறந்த பிறகு, சேலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் அந்த டிரில் டீச்சரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. வண்டி தாமதம். பெஞ்சில் உட்கார்ந்து பழைய கதை பேசினோம். பாவாயி பெயரை எடுத்ததும் அவர் மடியிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தார். பிறகுதான் சொன்னார்.

முதல் வருஷம், விழாவுக்கு முந்தைய நாள் மாலை, ஆஸ்டல் சாப்பாட்டு அறை வாசலில் வைத்து மதர் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு ஒரு பெண் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாலும், ஒருத்தியை ஒருத்தி இடித்தாள் தள்ளினாள் என்று ஒரு பேச்சு வந்தாலும், இந்த ஓட்டம் இதோடு சரி. பெண்களுக்கு நூறு மீட்டர் போதும். அப்போது உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பாவாயிக்கு அது காதில் விழுந்திருக்கிறது. மதர் போன பிறகு சொம்பும் கையுமாக டீச்சரிடம் வந்து கேட்டிருக்கிறாள்:

"உழுந்துட்டு உடனே எந்திரிச்சு ஓடிட்டா, அது உழுந்ததாக் கணக்குங்களா டீச்சர்?"

என் வண்டி வந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்து, ஈரோடு வரைக்கும் 'அடுத்த வருசம் ஓடோணுமல்ல?' என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, டீச்சரிடம்கூட. அன்று விழுந்து எழுந்து ஓடிவந்த பாவாயி, கோட்டைத் தாண்டி என் பக்கமாகப் போனபோது வேகத்தைக் கொஞ்சம் தணித்தாள். முகமெல்லாம் மண். என்னைப் பார்த்து, நீளமான அந்தக் கையை நீட்டி, வா, நீயும் வா என்று விரல்களை மடக்கி மடக்கிக் கூப்பிட்டாள். ஜெயித்தவளும் விழுந்தவளும் சேர்ந்து இன்னொரு சுற்று ஓடினால் பந்தலில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று அவள் அந்த ஒரு நொடியில் யோசித்திருக்கிறாள். என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் குனிந்து என் ஷூவின் நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன்.